மண்கூடு கட்டும் குளவிகள்

(பஞ்சாயத்து உறுப்பினர் பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் நிகழ்த்திய உரை)



சாலை, குடிநீர், கட்டடம் ஆகியவற்றைப் பற்றிக் காலை முதல் பேசினோம். அக்கட்டடங்களில் நம்மைக் கேளாமலேயே குடியேறும் ஒரு சிற்றுயிரைப் பற்றி இப்பொழுது சில சொல்ல விரும்புகிறேன். பள்ளிக்கூடச் சுவரிலும் மாட்டுக்கொட்டகை உத்தரத்திலும் மண்ணால் கூடு கட்டும் குளவியையே குறிப்பிடுகிறேன்.

குளவி ஒரு புழுவைக் கொணர்ந்து அடைத்து, கொட்டிக் கொட்டித் தன்னைப்போல் குளவியாக்கிவிடும் என்று நம் முன்னோர் கூறினர். குருவின் அருளால் சீடன் உயர்வதற்கு இது அழகிய உவமைதான். ஆனால் கூட்டினுள் நடப்பது வேறு. அப்புழு குளவியாவதில்லை, குளவிக் குஞ்சுக்கு இரையாகிறது.

இக்குளவிகளில் ராணியும் இல்லை, வேலைக்காரரும் இல்லை. தாய் ஒருத்தியே கொத்தனும் வேடனும் ஆவாள். கலயம் போன்ற கூடு கட்டும் இனம், தான் குடித்து வந்த நீரைக் கக்கிக் காய்ந்த மண்ணைக் குழைத்துக்கொள்ளும். கூடு முடிந்ததும் அதன் கூரையிலிருந்து மெல்லிய இழை ஒன்றில் முட்டையைத் தொங்கவிடும். பின்னரே வேட்டைக்குப் புறப்படும். பயிரில் உள்ள பச்சைப் புழுவைக் கொட்டி, அசைவற்றதாக்கித் தூக்கி வரும். கொன்றுவிட்டால் புழு அழுகிப்போகும்; துள்ளவிட்டால் முட்டையை நசுக்கிவிடும். ஆகவே உயிரும் இருக்க வேண்டும், அசைவும் கூடாது. இந்த நுட்பத்தை அதற்கு எவரும் கற்பித்ததில்லை. கூடு நிரம்பியதும் வாயை மண்ணால் அடைத்துவிட்டு அடுத்த கூட்டைத் தொடங்கும்.

நீர்க்கரையில் ஈரமண் எடுத்து, அறைகளை அடுத்தடுத்துக் கட்டிப் பூசும் மற்றோர் இனம் உண்டு. அதில் ஒரு வகைக்கு 1781-ஆம் ஆண்டில் டென்மார்க் நாட்டு அறிஞர் ஃபப்ரிசியஸ் மதராஸின் பெயரையே சூட்டினார். அது புழுவைத் தொடாது, சிலந்தியையே பிடிக்கும். சிலந்தியோ வயலில் பூச்சி பிடித்து நமக்கு உதவுவது. ஆகையால் மண்குளவிகள் யாவும் உழவனுக்கு ஒரே அளவில் நன்மை செய்கின்றன என்று நான் கூறமாட்டேன்.

புழு பிடிக்கும் இனத்தையேனும் நாம் காக்க வேண்டும். 2018-ஆம் ஆண்டில் மக்காச்சோளத்துக்குப் படைப்புழு வந்து சேர்ந்ததை அறிவீர்கள். அதன் தாய் அந்துப்பூச்சி ஆயிரத்துக்கு மேலும் முட்டையிட வல்லது. குளவியோ ஒவ்வொரு முட்டைக்கும் ஓர் அறை கட்டி, இரை தேடி நிரப்பியாக வேண்டும். கண்டபடி மருந்து தெளித்தால் இரண்டும் மடியும்; ஆனால் புழு விரைவில் பெருகிவிடும், குளவி பெருகாது. குளவி ஒன்றே படைப்புழுவை ஒழித்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. மருந்து தேவைதானா என்று வேளாண்மை அலுவலரைக் கேட்டுத் தெளியுங்கள். தேவையானால், குளவிகள் பறந்து திரியும் பகற்பொழுதை விடுத்து மாலையில் தெளியுங்கள். வளர்ந்த குளவி பூந்தேன் குடித்து வாழ்வது. வரப்பில் தும்பைப் பூ நின்றால் நின்றுவிட்டுப் போகட்டும்.

கொட்டாதா என்பீர்கள். கையால் பிடித்தால் கொட்டும். கூட்டைக் காக்கக் கூட்டமாய்ப் பாய்ந்து வராது. கதண்டு அவ்வாறன்று. அது ஆளையே கொல்லக்கூடியது. அதன் கூடு பள்ளிக்கருகில் இருந்தால் ஒருவரும் கல்லெறியாமல் தீயணைப்பு நிலையத்துக்குத் தெரிவியுங்கள். மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் மண்குளவி கட்டிய கூட்டையும் அகற்றத்தான் வேண்டும். மின்சாரத்தை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள்.

பஞ்சாயத்துக் கட்டடங்களுக்கு வெள்ளையடிக்கும்பொழுது, ஆட்கள் எல்லாக் கூட்டையும் சுரண்டிவிடுகிறார்கள். சுரண்டுமுன் ஒரு கணம் உற்று நோக்கச் சொல்லுங்கள். வட்டமான துளை இருந்தால் குஞ்சு வளர்ந்து வெளியேறிவிட்டது, தாராளமாகச் சுரண்டலாம். வாய் அடைபட்டு, துளையின்றி இருந்தால் உள்ளே குஞ்சு இருக்கக்கூடும். அந்த ஒரு சாண் இடத்தை மட்டும் அப்படியே விட்டு, மற்றச் சுவருக்கு வெள்ளையடிக்கலாம்.