ஏலியின் செவி



நமது தமிழிலே 'கேள்' என்ற சொல்லுக்கு வேலை அதிகம். காதாற் கேட்பதும் கேட்டல், வினவுவதும் கேட்டல், "பிள்ளை சொல்லுக் கேட்குதில்லை" என்று தாய்மார் முறையிடும்போது, கீழ்ப்படிவதும் கேட்டல்தான். திருக்குறளின் 42ஆம் அதிகாரம் 'கேள்வி' என்றே பெயர் பெற்றது. கிறிஸ்தவ வாழ்விலே கேட்டலைப் பற்றி எண்ணும்போதெல்லாம் எனக்கு நினைவில் வருபவர், விவிலியம் காட்டும் சீலோவின் முதிய ஆசாரியர் ஏலி.

சாமுவேலின் முதலாம் புத்தகத்திலே அவரை நாம் முதலிற் காண்பது ஆலய வாசலில். பிள்ளையில்லாத அன்னாள் அங்கே அழுது மன்றாடுகிறாள். உதடுகள் அசைகின்றன, குரல் கேட்கவில்லை. ஏலி அவள் வாயைப் பார்க்கிறார்; மதுவெறி என்று முடிவுகட்டிக் கண்டிக்கிறார். அவள் அமைதியாகத் தன் மனத்துயரைச் சொன்னதும், கண்டித்த அதே வாயால் வாழ்த்தி அனுப்புகிறார். பெரிய பதவியிலிருப்பவர் ஒரு பெண்ணின் சொற்கேட்டுத் தம் தீர்ப்பை மாற்றுவது அந்நாளில் மட்டுமா, இந்நாளிலும் அபூர்வந்தான்.

பேசுவதையே பணியாகக் கொண்டவர்களுக்கு இது எளிதில் வராது. ஜேர்மனியப் போதகர் டீட்ரிஷ் பொன்ஹோபர் 1935 முதல் 1937 வரை பிங்கன்வால்டே என்னுமிடத்தில் இளம் போதகர்களைப் பயிற்றினார். நாஸி இரகசியப் பொலிஸார் அந்தக் கல்லூரியை மூடிய பின், அங்கு வாழ்ந்த கூட்டு வாழ்வைப் பற்றி அவர் எழுதிய நூல் 1939இல் வெளிவந்தது. சக விசுவாசிக்கு நாம் செய்யவேண்டிய முதற் பணியாக அதில் அவர் கூறுவது பிரசங்கத்தை அல்ல, செவிமடுத்தலை. எந்நேரமும் எதையாவது சொல்லியாக வேண்டுமென நினைக்கும் போதகர்களை அவர் விட்டுவைக்கவில்லை. ஒலிவாங்கியின் முன் அமர்ந்துகொண்டு இதைச் சொல்ல எனக்கும் கூச்சமாகத்தான் இருக்கிறது.

ஏலியிடம் வேறொரு குறையும் இருந்தது. ஆலயப் பலிகளைக் கொள்ளையிட்ட தம் புதல்வர்களைப் பற்றிச் சனங்கள் சொன்னதெல்லாம் அவர் காதுக்கு எட்டியது. புத்தி சொன்னார், ஆனால் அடக்கவில்லை. முறைப்பாட்டைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்றுஞ் செய்யாத சபைகளை நாமும் அறிவோம்.

அவர் கண் மங்கியிருந்த காலம். ஓரிரவு, ஆலயத்தில் வளர்ந்த அன்னாளின் மகன் சாமுவேல், யாரோ அழைக்கும் குரல் கேட்டு மும்முறை எழுந்து அவரிடம் ஓடினான். ஏலி அழைக்கவில்லை. மூன்றாம் முறைதான், அழைப்பவர் ஆண்டவர் என்பது அவருக்கு விளங்கிற்று. தம்மை விட்டு ஒரு பிள்ளையோடு அவர் பேசுகிறார் என்பதும் கூடவே விளங்கியிருக்கும். இருந்தும், எப்படி மறுமொழி கூறவேண்டுமென்று பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்து அனுப்பினார்.

பிள்ளை கேட்டதோ ஏலியின் குடும்பத்துக்கு எதிரான தீர்ப்பு. விடிந்ததும் சாமுவேல் ஆலயக் கதவுகளைத் திறந்தான். கேட்டதைச் சொல்லப் பயந்தான். ஏலி அவனை மகனே என்றழைத்து, ஒன்றையும் மறைக்க வேண்டாமென்று வற்புறுத்திக் கேட்டார். அவன் யாவையும் சொன்னான். கிழவர் பிள்ளையைக் கோபிக்கவில்லை, தமக்காக வழக்காடவுமில்லை. பேசியவர் ஆண்டவரே என்று ஏற்றுக்கொண்டார்.