எத்தனை மில்லிகிராம்?
(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



மருந்து நஞ்சியல் என் தொழில் என்றதும் உங்களிற் பலர் கேட்பது ஒன்றுதான்: "அந்த எலிகளுக்கு ஏன் அவ்வளவு மருந்து கொடுக்கிறீர்கள்? பாவமில்லையா?" பாவம்தான். ஆனால் குறைத்துக் கொடுத்து ஒன்றும் தெரியாமற் போனால், அத்தனை விலங்குகளும் வீணே செத்ததாகிவிடும்.

வழக்கமாக மூன்று அளவுகள் எடுப்போம். மேல் அளவு ஏதாவது ஒரு தீங்கைக் காட்ட வேண்டும். ஈரலா, சிறுநீரகமா, எது முதலில் பழுதாகிறது என்று அப்போதுதான் தெரியவரும். கீழ் அளவில் தீங்கு எதுவும் இருக்கக்கூடாது. மூன்றிலும் எலி சுகமாக ஓடித்திரிந்தால், மருந்து இரத்தத்தில் சேர்ந்ததா என்ற சந்தேகமே எனக்கு முதலில் வரும்.

எலியின் அளவை நிறைப்படி மனிதருக்கு மாற்ற முடியாது. உடல் மேற்பரப்பை வைத்துக் கணித்தால், ஆய்வுகூடத்துப் பெரிய எலியில் கிலோவுக்கு 62 மி.கி. என்பது மனிதரில் சுமார் 10 மி.கி. (சுண்டெலிக்குக் கணக்கு வேறு.) வழக்கமாக அதையும் பத்தால் வகுத்த பிறகே முதல் தொண்டருக்குக் கொடுப்பார்கள்.

இந்தக் கணக்கு எங்கே கைவிடும் என்பதை 2006 மார்ச் 13 இல் இலண்டனில் கண்டோம். ரீ.ஜி.என். 1412 என்ற மருந்தை ஆறு ஆரோக்கியமான ஆண்களுக்கு ஏற்றினார்கள். குரங்குகள் கிலோவுக்கு 50 மி.கி. வரை தாங்கியிருந்தன. இவர்களுக்குக் கொடுத்தது 0.1 மி.கி., அதாவது ஐந்நூறில் ஒரு பங்கு. அது விதி அனுமதித்ததிலும் குறைவு. இரண்டு மணித்தியாலத்துக்குள் தலையிடி, நடுக்கம், காய்ச்சல். பிறகு உறுப்புகள் செயலிழக்கத் தொடங்கின. அறுவரும் தப்பினார்கள், ஆனால் ஒருவர் கால்விரல்களை இழந்தார்.

அந்த மருந்து பற்றிப்பிடிப்பது நோயெதிர்ப்புக் கலங்களிலுள்ள ஒரு புரதத்தை. மனிதரில் முன்பு நோயைக் கண்டு பழகிய ஒருவகைக் கலங்களில் அது உண்டு. அந்தக் குரங்குகளின் அதே கலங்களில் இல்லை. இல்லாத பூட்டுக்கு எத்தனை சாவி போட்டாலும் கதவு திறக்காதுதானே.

இன்னொன்றும் நடந்தது. ஒருவருக்கும் அடுத்தவருக்குமிடையே பத்து நிமிடமளவே விட்டார்கள். முதலாமவர் நடுங்கத் தொடங்குமுன் எல்லோருக்கும் ஊசி ஏறியாயிற்று. எனக்கு மன்னிக்க முடியாதது இதுதான்.

2007 இல் ஐரோப்பிய மருந்து முகவரகம் புதிய வழிகாட்டலை வெளியிட்டது. இத்தகைய மருந்துகளுக்கு, விலங்கு தாங்கிய அளவோடு நில்லாமல், மனிதக் கலங்களில் மிகச் சிறிய விளைவை உண்டாக்கும் அளவையும் கணித்து, அதிலிருந்து தொடங்க வேண்டும். பின்னர் இதே மருந்தை அன்றைய அளவின் ஆயிரத்தில் ஒரு பங்கிலிருந்து கொடுத்தபோது தொண்டர்களுக்கு அப்படியொன்றும் நேரவில்லை.

வெளிநாட்டில் படிக்கும் நம் பிள்ளைகளும் கைச்செலவுக்காக இப்படியான சோதனைகளில் சேர நினைக்கலாம். மறிக்கச் சொல்லமாட்டேன். கையொப்பமிடுமுன் இரண்டு கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: இந்த அளவை எதிலிருந்து கணித்தீர்கள்? முதலாமவருக்கும் இரண்டாமவருக்குமிடையே எவ்வளவு நேரம் விடுவீர்கள்?