ஆட்டோ களவு போனால் செய்ய வேண்டியது என்ன?
(தோட்டக் கமிட்டித் தலைவர், தலைவிமார் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



வழக்கமாக நாம் சம்பளத்தைப் பற்றியும் வேலை நாட்களைப் பற்றியும் பேசுவோம். இன்று ஆட்டோவைப் பற்றிப் பேசப் போகிறோம். இதுவும் நமது வயிற்றுப் பிரச்சினைதான்.

அம்மா பென்ஷன் போனதும் கிடைத்த சேமலாப நிதிப் பணத்தை முற்பணமாகக் கட்டி, மிச்சத்தை லீசிங்கில் போட்டு மகனுக்கு ஆட்டோ எடுத்துக் கொடுத்த குடும்பங்கள் நம் லயங்களில் எத்தனை! அப்படி எடுத்த ஆட்டோவை இழந்த ஒரு தம்பி அண்மையில் நமது காரியாலயத்துக்கு வந்தார். லயத்துக்குப் பாதை இல்லாததால் இரவில் ரோட்டோரம் நிறுத்தியிருந்தார். காலையில் காணவில்லை. அவர் இரண்டு நாள் தானே தேடி அலைந்துவிட்டு, மூன்றாம் நாள்தான் பொலிஸுக்குப் போனார். அங்கே சிங்களத்தில் எழுதிய முறைப்பாட்டில், என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே கையொப்பம் வைத்தார். நிறுத்திய இடம் அதில் பிழையாக இருந்தது. காப்புறுதிக்குப் போனபோது அந்தப் பிழைதான் முன்னால் வந்து நின்றது.

அந்தத் தம்பியை நாம் குறை சொல்லவில்லை. யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. ஆகவே இப்போது சொல்கிறோம்.

முதலாவது, வண்டி இல்லை என்று கண்டவுடனே 119க்கு அழையுங்கள். பிறகு உங்கள் பகுதிப் பொலிஸ் நிலையத்துக்கு நேரில் போங்கள். தேடுவதைக் கூட்டாளிகள் செய்யட்டும். களவெடுத்த வண்டியை வேறு குற்றத்துக்குப் பாவித்தால், நீங்கள் முறைப்பாடு செய்த நேரம்தான் உங்களுக்குச் சாட்சி.

இரண்டாவது, அடையாள அட்டை, வாகனப் புத்தகத்தின் பிரதி, காப்புறுதிப் பத்திரம் ஆகியவற்றைக் கொண்டு போங்கள். எஞ்சின் நம்பர், சேஸி நம்பர் இரண்டையும் கொடுங்கள். நம்பர் பிளேட்டைக் கள்ளன் ஐந்து நிமிடத்தில் மாற்றிவிடுவான். தவணை பாக்கி இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். லீசிங்காரர்கள் எடுத்துப் போனார்களா என்பதைப் பொலிஸார் விசாரித்துக் கொள்ளலாம்.

மூன்றாவது, தமிழில் முறைப்பாடு செய்வது நமது உரிமை. அரசியலமைப்பு அந்த உரிமையைத் தந்திருக்கிறது. அங்கே தமிழில் எழுத ஆள் இல்லையென்றால், நீங்களே தமிழில் எழுதிக் கொடுக்கலாம். சிங்களத்தில் எழுதினால் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். விளங்காமல் கையொப்பம் வைக்காதீர்கள். முறைப்பாட்டு இலக்கத்தையும் திகதியையும் குறித்துக் கொள்ளுங்கள். பிரதிக்கும் விண்ணப்பியுங்கள். முறைப்பாட்டை ஏற்க மறுத்தால், தேசிய பொலிஸ் ஆணைக்குழுவுக்கு எழுதலாம். அந்தக் கடிதத்தை எழுத நாம் உதவி செய்வோம்.

நான்காவது, அன்றைக்கே காப்புறுதிக் கம்பனிக்கும் லீசிங் கம்பனிக்கும் அறிவியுங்கள். போனில் சொன்னாலும் பிறகு எழுத்தில் கொடுங்கள். இரண்டு சாவிகளையும் பத்திரமாக வையுங்கள், காப்புறுதிக்காரர்கள் கேட்பார்கள். ஒன்றை மறக்காதீர்கள்: வண்டி போனாலும் தவணை நிற்காது. பேசாமல் இருந்தால் வட்டியும் தண்டப்பணமும் ஏறும். தவணைக்கு அவகாசம் கேட்டு எழுதுங்கள்.

'வண்டி எங்களிடம் இருக்கிறது, காசு அனுப்பு' என்று யாராவது போன் எடுத்தால், ஒரு சதமும் அனுப்பாமல் அந்த நம்பரைப் பொலிஸில் கொடுங்கள். வண்டி கிடைத்தால், நீதவான் நீதிமன்றத்தின் மூலம் விடுவித்துக்கொள்ள வேண்டி வரும். லீசிங் முடியாத வண்டி என்றால் கம்பனியின் கடிதமும் தேவைப்படும். ஆகவே அவர்களோடு தொடர்பை விடாதீர்கள்.

வண்டி இன்னும் கையில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 'தேர்ட் பார்ட்டி' காப்புறுதி மட்டும் இருந்தால் களவுக்கு ஒரு சதமும் கிடைக்காது. 'ஃபுல்' காப்புறுதியா என்று இன்றே பாருங்கள். வாடகைக்கு ஓடும் வண்டியை 'சொந்தப் பாவனை' என்று பதிந்திருந்தால், மாற்றிக் கொள்ளுங்கள். புத்தகத்தின் பிரதியை வண்டிக்குள் வைக்காமல் வீட்டில் வையுங்கள்.

தோழர்களே, ரோட்டோரம் வண்டிகளை ஒரே இடத்தில் நிறுத்தி, முறை வைத்துக் காவல் இருக்க ஒவ்வொரு டிவிஷனிலும் இளைஞர்கள் முன்வர வேண்டும். லயம் வரை பாதை கேட்கும் கோரிக்கையையும் நாம் விடப் போவதில்லை. ஒரு தாய் கொழுந்து பறித்துச் சேர்த்த காசு அந்த வண்டியில் இருக்கிறது. அதைக் காப்பதும் சங்கத்தின் வேலைதான்.