நீரிறைக்கும் மோட்டார் எடுக்கும் மின்னோட்டம்



கிணற்றடியில் மின்மோட்டார் பூட்டி, வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் நீர் இறைப்போர் நம்மிற் பலர். வெங்காயம் முதிரும் வேளையில் மோட்டார் எரிந்துபோனால், சுருள் மீளச் சுற்றி வரும்வரை பயிர் காத்திராது. தாங்கும் அளவுக்கு மேலான மின்னோட்டம் பாய்வதே மோட்டார் எரிதற்குரிய முக்கிய காரணங்களுள் ஒன்றாகும். ஆகையால் நமது மோட்டார் எத்தனை அம்பியர் எடுத்தல் வேண்டும் என்பதை நாமே கணக்கிட்டு அறிந்திருத்தல் நன்று.

ஒரு குதிரைவலு என்பது 746 வாற்று. 2 குதிரைவலு மோட்டார் தன் அச்சிற் கொடுக்கும் வலு 1492 வாற்று ஆகும். மோட்டார் பெறும் மின்சாரம் முழுவதும் வேலையாக மாறுவதில்லை. ஒரு பங்கு வெப்பமாகக் கழிகின்றது. இதன் பொருட்டு வினைத்திறன் 0.75 எனவும், வலுக்காரணி 0.8 எனவும் கொள்வோம். வீட்டு மின்சாரம் 230 வோல்ற்று. இம்மூன்றையும் பெருக்க 138 வரும். 1492ஐ 138ஆற் பிரித்தால் ஏறக்குறைய 11 அம்பியர் கிடைக்கும்.

மூன்று அவத்தை மோட்டாராயின், 400 வோல்ற்றை 1.73ஆற் பெருக்கிக்கொள்ளல் வேண்டும். 5 குதிரைவலு மோட்டாருக்கு வினைத்திறனும் வலுக்காரணியும் 0.85 எனின், மின்னோட்டம் ஏறக்குறைய 7.5 அம்பியர் ஆகும். இவை மதிப்பீடுகளே. மோட்டாரின் பெயர்த்தகட்டிற் பொறித்துள்ள அம்பியரே முடிந்த எல்லையெனக் கொள்க.

மின்னழுத்தம் குறைந்தால் மின்னோட்டமும் குறையும் எனச் சிலர் எண்ணுவர். நீரிறைக்கும் மோட்டாரில் நிகழ்வது இதற்கு மாறானது. பலரும் ஒரே வேளையில் நீர் இறைக்கும்போது அழுத்தம் 190 வோல்ற்றுக்கு இறங்கியதாகக் கொள்வோம். அதே வேலையைச் செய்ய மேற்கூறிய 2 குதிரைவலு மோட்டார் 13 அம்பியர் வரை எடுக்கும். மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கேற்பச் சுருளின் வெப்பம் பெருகுமாதலால், அது ஏறக்குறைய ஒன்றரை மடங்காகும். இந்நிலையில் மோட்டாரை நிறுத்தி, அழுத்தம் சீரானபின் இறைப்பதே இலாபம்.

கம்பியின் பருமனையும் கவனித்தல் வேண்டும். வீட்டிலிருந்து கிணறு 100 மீற்றர் தூரத்தில் இருப்பின், போகவும் வரவும் 200 மீற்றர் கம்பி வேண்டும். 2.5 சதுர மில்லிமீற்றர் செப்புக் கம்பியில் 11 அம்பியர் பாய்ந்தால் 12 முதல் 15 வோல்ற்று வரை வழியிலேயே இழக்கப்படும். 6 சதுர மில்லிமீற்றர் கம்பியாயின் இவ்விழப்பு அதன் பாதிக்கும் குறைவாகும்.

மோட்டார் புறப்படும் கணத்தில் வழமையான ஓட்டத்தின் ஐந்து முதல் ஏழு மடங்கு வரை எடுக்கும். அதைத் தாங்கும் உருகி, சிறிய மிகைச்சுமையைத் தடுக்கமாட்டாது. எனவே பெயர்த்தகட்டு அம்பியருக்கு அமைத்த மிகைச்சுமைக் காப்பும் மோட்டாருக்கு இருத்தல் வேண்டும். உருகி எரிந்தால் அதனிடத்தில் தடித்த கம்பியை ஒருபோதும் கட்டாதீர்கள். அவ்வாறு செய்தால் அடுத்து எரிவது மோட்டாராகவோ வீடாகவோ இருக்கலாம். ஈரநிலத்தில் நின்று வேலை செய்யும் நமக்கு, நிலத்தொடுப்பும் மின்கசிவைத் துண்டிக்கும் ட்ரிப் சுவிச்சும் உயிர்க்காப்பாகும்.

ஒவ்வொரு போகத்துக்கும் முன், தகுதிபெற்ற மின்பணியாளரைக்கொண்டு மோட்டார் எடுக்கும் மின்னோட்டத்தை அளப்பித்து, அதனைப் பெயர்த்தகட்டு அளவோடு ஒப்பிடுங்கள். மிகுதியாயின் மின்னழுத்தத்தையும் தாங்கிகளையும் பம்பியின் சுழற்சியையும் சோதிப்பியுங்கள். மோட்டாருக்குரிய அம்பியரைக் கிணற்றடிக் கொட்டிற் சுவரிற் பெரிதாக எழுதிவைத்தால், வீட்டிலுள்ள யாவருக்கும் அது பயன்படும்.