கைக்குள் அடங்கிய வீரன்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

 

ஆண்டு விழா மேடையில் சங்க இலக்கியத்தைப் பற்றியோ, திருக்குறளின் பெருமையைப் பற்றியோ பேசுவதே வழக்கம். கையடக்கக் கருவியில் சிறுவர் ஆடும் வீர விளையாட்டைப் பற்றித் தமிழ்ச் சங்கத்தில் பேச என்ன இருக்கிறது என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். நம் குடியிருப்பில் மாலை வேளையில் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் குனிந்த தலையும் ஒளிரும் கண்ணாடியுமே நம்மை வரவேற்கின்றன. நம் பிள்ளைகள் நாள்தோறும் சென்று வாழ்ந்துவிட்டு வருகின்ற ஓர் உலகத்தைப் பெற்றோராகிய நாம் எட்டியும் பார்க்காமல் இருப்பது முறையாகுமா?

ஒரு விளையாட்டை எடுத்துக்கொள்வோம். அமெரிக்கச் சித்திரக் கதைகளில் 1939ஆம் ஆண்டு தோன்றியவன் பேட்மேன் என்னும் வௌவால் வீரன். அவனை நாயகனாகக் கொண்ட ‘பேட்மேன்: ஆர்க்காம் ஆரிஜின்ஸ் பிளாக்கேட்’ என்ற விளையாட்டு 2013 அக்டோபரில் நின்டெண்டோ 3டிஎஸ், பிளேஸ்டேஷன் வீட்டா என்னும் இரு கையடக்கக் கருவிகளுக்கென வெளிவந்தது. பிளாக்கேட் என்பது ஒரு சிறைக்கூடம். கைதிகள் கலகம் விளைவித்து அதனைக் கைப்பற்ற, ஜோக்கர், பெங்குவின், பிளாக் மாஸ்க் என்னும் கொடியவர் மூவர் அதைப் பங்கிட்டுக்கொண்டு ஆள்கின்றனர். வீரன் உள்ளே புகுகிறான். மூவரில் எவனை முதலில் எதிர்ப்பது என்பது ஆடுகின்ற சிறுவனின் விருப்பம். அடித்து வீழ்த்துவது மட்டுமே அவன் வேலையன்று. ஓரிடத்தில் அடைபட்டிருக்கும் வழி, வேறோரிடத்தில் கிடைக்கும் கருவியால்தான் திறக்கும். ஆதலால் சிறைக்கூடத்தின் அமைப்பையே மனத்தில் இருத்திக்கொண்டு மீண்டும் மீண்டும் திரும்பி வருதல் வேண்டும். சுற்றுப்புறத்தைத் துருவித் தடயம் தேடுதலும் வேண்டும். அன்றியும், இந்த வீரன் தன் பகைவரைக் கொல்வதில்லை என்ற விரதம் பூண்டவன். ஆகவே, ‘பிள்ளைகளைப் பிடித்த சனியன்’ என்று ஒரே வீச்சில் ஒதுக்கிவிடும் பெரியவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

அளவு மிஞ்சினால் கேடுதான். உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்றுக்கொண்டு, 2022 சனவரியில் நடைமுறைக்கு வந்த நோய்ப் பட்டியலில் அளவிறந்த விளையாட்டு மோகமும் இடம்பெற்றுவிட்டது. பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டமோ வேறு இனம். அதற்குத் தடை விதித்து 2025ஆம் ஆண்டில் நாடாளுமன்றமே சட்டம் இயற்றியிருக்கிறது. இவற்றை மருத்துவரும் அரசும் பார்த்துக்கொள்வர். என் கவலை வேறு.

நாம் வந்து குடியேறியிருக்கும் இச்சித்தூர், திருப்பதி வட்டாரத்துத் திரௌபதி அம்மன் கோயில்களையும் தர்மராஜா கோயில்களையும் நீங்கள் அறிவீர்கள். பாரத விழாவில் பகலில் கதை படிப்பர். இரவில் கூத்து ஆடுவர். அர்ச்சுனன் தபசு நாளன்று, நெடிதுயர்ந்த மரத்தை நட்டு நிறுத்தி, வேடம் புனைந்த கலைஞன் பாடிக்கொண்டே படிப்படியாக ஏறுவான். உச்சியிலிருந்து அவன் வீசும் எலுமிச்சம்பழத்துக்காகவும் திருநீற்றுக்காகவும் மடியேந்திக் காத்திருக்கும் தாய்மார் எத்தனை பேர்! நிறைவு நாளில் மண்ணாலான துரியோதனன் நிலத்தில் மலைபோல் கிடப்பான். வீமன் வேடதாரி கதையை ஓங்கி அவன் தொடையைப் பிளப்பான். இதுவும் வீரக்கதைதான், இங்கும் ஏற்றமும் போரும் உண்டு. ஆனால் கால் இடறினால் ஊரே ‘ஐயோ’ என்று அலறும். ஏறி முடித்தால் ஊரே ஆர்ப்பரிக்கும். மறுநாள் கிணற்றடியிலும் கடைத்தெருவிலும் அதுவே பேச்சு. அவ்வீரன் ஊர்ப்பொதுச் சொத்து.

இன்று பிள்ளையின் கைக்குள் இருக்கும் வீரனும் ஏறுகிறான், பாய்கிறான், வெல்கிறான். அந்த வெற்றியைக் கொண்டாட அடுத்த அறையில் இருக்கும் பாட்டிக்குக்கூட வழியில்லை. காதில் செருகிய கருவி அவன் ஆரவாரத்தையும் அடக்கிவிடுகிறது. ‘என்னடா கண்ணா, கதை என்ன ஆயிற்று?’ என்று கேட்டுப் பாருங்கள். ‘பாஸ் அவுட், நெக்ஸ்ட் லெவல்’ என்று விடை வரும். அதில் ஒரு தமிழ் வினைச்சொல்கூட இல்லை! பையனிடம் கதை இல்லாமலில்லை. நெஞ்சு நிறைய இருக்கிறது. சொல்லுவதற்குத்தான் மொழி இல்லை. பள்ளியில் ஆங்கிலமும் தெலுங்கும், தெருவில் தெலுங்கு, கருவியில் ஆங்கிலம் என்றாகிவிட்ட பின்பு, வீட்டுத் தமிழுக்கு மிஞ்சுவது ‘சாப்பிடு’, ‘தூங்கு’, ‘அதைக் கீழே வை’ என்ற ஏவல்கள்தாமே? தமிழைக் கட்டளை மொழியாகவே கேட்டு வளரும் குழந்தை அதனிடம் ஆசை கொள்வது எங்ஙனம்?

கருவி அயலானது என்று சொல்லித் தப்பவும் இயலாது. 1960இல் மாநில எல்லை திருத்தப்பட்டபோது திருத்தணி சென்னை மாநிலத்துக்குச் சென்றது. செங்கற்பட்டு மாவட்டத்திலிருந்த சத்தியவேட்டுப் பகுதி ஆந்திரத்தோடு சேர்ந்தது. அந்தச் சத்தியவேட்டுப் பக்கத்தில் எழுந்ததே ஸ்ரீசிட்டி தொழில் நகரம். 2015ஆம் ஆண்டில் ஃபாக்ஸ்கான் நிறுவனம் அங்கே ஷியோமி கைப்பேசிகளைப் பூட்டத் தொடங்கிற்று. நம் பிள்ளை ஆடும் கைப்பேசி நமக்கு அண்டை ஊர்ப் பெண்ணொருத்தியின் கைபட்டு வந்ததாகவும் இருக்கலாம்.

விளையாட்டைப் படைப்பதும் நம் நாட்டவர்க்கு எட்டாததன்று. 2009இல் ஐதராபாத்தில் உருவான ‘ஹனுமான்: பாய் வாரியர்’ என்பது தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்து ஆடுவது, தெய்வத்தை விசைப்பொறியால் ஆட்டுவிப்பதா என்று அப்பொழுதே கண்டனமும் எழுந்தது. கூத்தில் கண்ணனாகவும் கர்ணனாகவும் மனிதர் வேடம் புனைவதைக் கண்டு கைதொழுத நமக்கு அது பெரிய குற்றமாகத் தோன்ற வேண்டியதில்லை என்பது என் கருத்து. புணே நகரத்து இளைஞர்கள் ஆக்கிய ‘ராஜி’ 2020 ஆகஸ்டில், கையிலேந்தி ஆடக்கூடிய நின்டெண்டோ சுவிட்ச் கருவியில் முதன்முதலாக வந்தது. அசுரர் கவர்ந்து சென்ற தம்பியை மீட்கத் துர்க்கையின் அருளோடு சூலமேந்திப் புறப்படும் ஒரு சிறுமியின் கதை அது. இடையிடையே கதையைச் சொல்வது நிழற்பாவைக் கூத்து! தோற்பாவைக் கூத்தைக் கண்ட நம் முதியோர்க்கு அது புதுமையாகவே தோன்றாது. ராஜி முதலில் ஆங்கிலத்தில் பேசினாள். 2022இல் இந்தியிலும் பேசினாள். அவளுக்குத் தமிழ்க் குரல் கொடுக்க முன்வருவார் யார்? பொறியியல் பயிலும் நம் மாணவர்கள் இவ்வினாவைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

அதுவரை விழாக் குழுவினர்க்கு ஒரு விண்ணப்பம். அடுத்த ஆண்டு, குறள் ஒப்புவிக்கும் போட்டியோடு இன்னொரு போட்டியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தான் ஆடி முடித்த விளையாட்டின் கதையை ஒரு சிறுவனோ சிறுமியோ ஐந்து நிமிடத்தில் தமிழில் சொல்லுதல் வேண்டும். பெயர்ச்சொற்கள் எம்மொழியிலும் இருக்கட்டும். வினைச்சொற்கள் தமிழாக இருந்தால் போதும். மேடைக்குக் கருவியைக் கொண்டுவரக் கூடாது. நடுவர்களாகப் புலவர்களை அழைக்க வேண்டாம். நம் குடியிருப்புப் பாட்டிமார் மூவரை அமர்த்துங்கள். கதை எவர்க்கு விளங்குகிறதோ, அவரே மதிப்பெண் இடட்டும். முதற் பரிசுக்குரிய தொகையை இன்றே பொருளாளரிடம் செலுத்திவிடுகிறேன்.