மலை சரிந்தது யார் செயல்?

(ஆரணி நெசவாளர் கூட்டத்தில் பேசியது)



மழைக்காலத்தில் தறிக்குழியில் நீர் ஊறினால் நாம் தலைவிதி என்று கைகட்டி உட்காருவதில்லை. எந்தப் பக்கம் கசிகிறதென்று பார்த்து அடைத்து, பாவைக் காப்பாற்றுகிறோம். குழியளவு ஆபத்துக்கு வேலை செய்கிற புத்தி, மலையளவு ஆபத்துக்கு மாத்திரம் ஏன் கோயிலைத் தேடி ஓடுகிறது?

2024 நவம்பர் 30 இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரியருகே கரை கடந்தது. மறுநாள் நம் ஜில்லாத் தலைநகராகிய திருவண்ணாமலையில் மலைச்சரிவு மண்ணும் பாறையும் ஒரு வீட்டை மூடி ஏழு பேர் மாண்டனர். அவர்களில் ஐவர் குழந்தைகள். அந்த மலையே சிவன் என்கிறார்கள். அப்படியானால் அக்குழந்தைகளைக் கொன்றது யார்? போன ஜன்மத்துப் பாவம் என்று இதற்கும் ஒரு பதில் தயாராய் வைத்திருப்பார்கள்!

1934-ல் பீகார் பூகம்பம் தீண்டாமைக்குக் கடவுள் தந்த தண்டனை என்றார் காந்தியார், தாகூர் மறுத்தார். தீண்டாமை ஒழியவேண்டியதே. ஆனால், பூமி தீண்டப்படாதார் குடிசையையும் சேர்த்தல்லவா இடித்தது?

பெருமழை நீர் இறங்க இறங்க, சரிவு மண் கனத்து, பிடிப்பு விட்டுப் பாறையோடு கீழே வருகிறது. இதில் மர்மமில்லை. அத்தகைய சரிவுகளின் கீழ் பெரும்பாலும் குடியிருப்பவர் யார்? சமதளத்தில் மனை வாங்கப் பணமில்லாத ஏழைகள். அவர்களுக்கு வேண்டியது பரிகாரபூஜையல்ல, மாற்று மனை. அதுவரை, புயலெச்சரிக்கை வந்த அன்றே அவர்களை அகற்றும் ஏற்பாடு.

நம்மூரிலும் கமண்டல நாகநதி ஓடுகிறது. எந்தத் தெரு தாழ்வு, எந்த வாய்க்கால் அடைபட்டது என்று வரும் ஞாயிறு நாமே நடந்து பார்த்து எழுதி, திங்களன்று நகராட்சியில் கொடுப்போம்.