ஜன்னல் இல்லாத சிற்றாலயம்

எம்.ஐ.டி. என்றதும் சென்னைக்காரர்களுக்குக் குரோம்பேட்டையில் உள்ள கல்லூரி நினைவுக்கு வரலாம். இங்கே சொல்வது அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில் உள்ள மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம். அதன் வளாகத்தில் 1955-இல் கட்டி முடித்த ஒரு சிற்றாலயம் இருக்கிறது. எந்த ஒரு மதத்துக்கும் சொந்தமானதல்ல, எல்லோரும் வழிபடலாம். வெளியிலிருந்து பார்த்தால் வெறும் செங்கல் உருளை. விட்டம் 50 அடி, உயரம் 33 அடி. வட்டச் சுவரில் ஜன்னல் ஒன்றுகூடக் கிடையாது. தண்ணீர்த் தொட்டியோ என்று யாராவது கேட்டால் கோபித்துக்கொள்ள முடியாது.

வடிவமைத்தவர் பின்லாந்தில் பிறந்த ஈரோ சாரினென்.

உள்ளே போனால்தான் அவருடைய கெட்டிக்காரத்தனம் தெரிகிறது. வெள்ளைப் பளிங்குப் பீடத்துக்கு நேர் மேலே, கூரையில் ஒரு வட்டத் திறப்பு. பகல் வெளிச்சம் அதன் வழியே இறங்குகிறது. சிற்பி ஹாரி பெர்டோயா அங்கிருந்து மெல்லிய கம்பிகளைத் தொங்கவிட்டு, அவற்றில் சின்னச் சின்ன உலோகத் தகடுகளைப் பொருத்தியிருக்கிறார். வெளிச்சம் தகட்டுக்குத் தகடு தாவி, பொன்தூறல் போலப் பீடம் வரை வருகிறது. படங்களில் எல்லோரும் பார்ப்பது இதைத்தான்.

ஆனால் கட்டடத்தின் உயிர் கீழே இருக்கிறது. உருளையைச் சுற்றி ஆழமில்லாத அகழி. வெளிச்சுவர் அதற்குள் தாழ்வான வளைவுகளின் மேல் நிற்கிறது. தண்ணீரில் பட்டுத் தெறிக்கும் வெயில், அந்த வளைவுகள் வழியாக நுழைந்து, உட்சுவரைக் கீழிருந்து மேலாகத் தடவுகிறது. காற்றடித்தால் சுவரில் ஒளி அசையும். கிரேக்கத்தில் ஸ்பார்ட்டா அருகே ஒரு மலைக்கிராமத்தில், தலைக்கு மேல் நிலவும் அடிவானத்தில் மங்கிய ஒளியுமாகக் கழிந்த இரவு ஒன்று இதற்குத் தூண்டுதல் என்று சாரினெனே சொல்லியிருக்கிறார்.

உட்சுவர் நேர்வட்டமாக இல்லாமல் அலை அலையாக வளைந்து போகிறது. அழகுக்காக மட்டுமல்ல. வழவழப்பான வட்டச் சுவர் ஒலியை ஓரிடத்தில் குவித்துக் காதைக் குழப்பும். அலைச்சுவர் அதைச் சிதறடிக்கும். கீழிருந்து ஏறும் ஒளிக்கும் இந்த நெளிவுகளில்தான் நிழல் கிடைக்கிறது. ஒரே சுவர், இரண்டு வேலை. கூரையைத் திறந்து வெளிச்சம் இறக்கத் தெரிந்தவர்கள் பலர். இருட்டை இவ்வளவு தாராளமாக விட்டுவைக்கத் துணிந்தவர்கள் குறைவு.

இதில் ஒரு சங்கடமும் உண்டு. அகழி வற்றினால் பாதி விளக்கு அணைந்த மாதிரி. பாசியை எடுப்பதும் கசிவை அடைப்பதும் இங்கே ஒளியமைப்பின் செலவுக் கணக்கிலேயே சேரவேண்டும்.